தலைப்பொங்கல் நாய்

ஸ்ரீவில்லிபுத்தூர்
19.1.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்துப்பேச்சி எழுதுகிறேன். நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் தலைப்பொங்கல் சீரோடு நீங்கள் கொண்டுவந்து விட்டுப்போன பவளம் இப்போது இல்லை. நேற்று அடித்துக் கொன்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் யார் வாயிலிருந்தாவது கேட்டு நீங்கள் துடிப்பதைவிட, என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது மேல் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம், கொல்லையில் துவைகல் பக்கம் வெயிலில் படுத்திருந்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புது இடம், பழகட்டும் என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அசையவில்லை. குனிந்து தலையைத் தொட்டேன். துள்ளி எழுந்து என் முன்கையைக் கவ்விவிட்டாள். உடனே விட்டும்விட்டாள். விட்டபின் அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் என் கொழுந்தன் சங்கிலிப்பாண்டி ஓடிவந்தார். பவளம் தெருவுக்கு ஓடினாள். பின்னால் பத்துப் பேர். "ஏலே, வெறிநாய்லே அது! இம்புட்டுக் கத்துதோம், திரும்பிக்கூடப் பாக்காமப் போகுது பாரு!" என்று யாரோ சொன்னதுதான் கேட்டது. அதன் பிறகு கடப்பாரைச் சத்தம். கண்மாய்க் கரைக்கு இழுத்துப்போய் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தும்விட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை அப்போது ஊரில் இல்லை.

கையைக் குழாயடியில் வைத்து, பார் சோப்பைப் போட்டு நெடுநேரம் கழுவினேன். இன்று காலை பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியில் முதல் ஊசி போட்டார்கள். பதினாலு நாளும் போடவேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள்.

பேச்சி

*

இராஜபாளையம்
21.1.1987

பேச்சிக்கு,

சோலைராஜ் எழுதுவது. உன் இன்லண்டு வந்தது. மதினி படித்துக் காட்டினாள். நம்பாமல் நானும் ஒரு தடவை வாங்கிப் படித்தேன்.

சீரோடு வந்த மண்பானையை உடைத்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். தேங்காய் உடைகிற மாதிரி அதுவும் உடைந்தது என்று விட்டிருப்பேன். உயிருள்ள சீரைக் கடப்பாரையால் அடித்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு பொட்டுக் கறுப்பு உண்டா அவளுக்கு? ரோஸ் மூக்கு, பால் வெள்ளை. மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கிற நான் சம்பளத்தில் பாதியை இந்த நாய்களுக்குக் கொட்டுகிறேன் என்று ஊரே சிரிக்கிறது. மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து கேட்டவனுக்குக்கூடக் கொடுக்காமல், அப்பா அம்மா இல்லாத பிள்ளை நீ, போன இடத்தில் துணைக்கு இருக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டேன். நாலு நாள் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை உங்கள் வீட்டுக்கு.

வெறியாம் வெறி! நாயைத் தூக்கில் போட முதலில் ஒரு கெட்ட பெயர் வேண்டும், அதைத்தான் வைத்திருக்கிறார்கள். என் கையில் வளர்ந்த நாய்க்கு வெறி வராது. நீ வீணாக ஊசி போட்டுக்கொள்ளாதே. எங்கள் தெருச் சங்கையாவை ஞாபகம் இருக்கிறதா? நாய்க்கடி ஊசி போட்டு ஒன்பதாம் நாள் கால் ரெண்டும் விளங்காமல் போனது. இன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

நம் ஊருக்கும் உங்கள் ஊருக்கும் பஸ் ஏறினால் அரைமணி. ஆனால் அந்த வாசலை இனி நான் மிதிக்க மாட்டேன். கோபம் உன் மேல் இல்லை. உன் வீட்டின் மேல்.

சோலைராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
23.1.1987

அன்புள்ள அண்ணனுக்கு,

பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத் தபால் எழுதும் அண்ணன் தங்கை இந்த ஜில்லாவிலேயே நாம்தான் என்று நினைக்கிறேன். போஸ்ட்மேன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஊசியை நான் நிறுத்தப் போவதில்லை. சங்கையா மாமாவுக்கு நடந்தது பொய்யில்லை. இந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேரில் யாரோ ஒருவருடைய உடம்பு, அந்த ஆட்டு மூளையோடு சேர்த்துத் தன் நரம்பையும் அந்நியன் என்று நினைத்துத் தாக்கிவிடும். அது எனக்கும் நடக்கலாம். காலையில் எழுந்ததும் முதலில் கால்விரலை அசைத்துப் பார்க்கிறேன், அப்புறம்தான் கண்ணையே திறக்கிறேன். ஆனால் வெறிநோய் ஒரு தடவை வெளியே தெரிந்துவிட்டால் அதிலிருந்து பிழைத்து வந்த ஆள் என்று நான் படித்ததில் காட்டவே முடியாது. எட்டாம் வகுப்புக்கு இதைப் பாடம் நடத்தியவள் நான். அப்போது கரும்பலகையில் நாய் படம் வரைந்தபோது பிள்ளைகள் ஆடு என்று சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கிருமி இரத்தத்தில் போவதில்லை அண்ணா. கடித்த இடத்துச் சதையில் கொஞ்ச நாள் தங்கி, பிறகு நரம்புக்குள் நுழைந்து மூளையைப் பார்த்து மெல்ல ஊர்கிறது. நரம்புக்குள் போய்விட்டால் உடம்பின் காவல் அதைக் கண்டுபிடிப்பதில்லை. மூளைக்குப் போனபின் அங்கிருந்து எச்சில் சுரக்கும் இடத்துக்கு இறங்கி வந்து, அடுத்த கடிக்குத் தயாராகிறது. அதன் மேல் கொழுப்பால் ஆன தோல் இருக்கிறது, அதனால்தான் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கை எடுப்பது போலச் சோப்பு அந்தத் தோலை உரித்துவிடும். சதைக்குள் ஆழமாகப் போனதை என்ன செய்ய முடியும்?

இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். பவளத்துக்குக் காது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாரும் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோறு வைத்துவிட்டுக் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதிப்பீர்கள், எல்லா நாயும் ஓடிவரும். அப்பா காலத்திலிருந்து அதுதான் நம் வீட்டுப் பழக்கம். சத்தம் காற்றில் மட்டும் போகிற சங்கதி இல்லை. தரை வழியாக இன்னும் வேகமாகப் போகும். அவள் அதைக் காலில்தான் கேட்டாள். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் அதே செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டும், அங்கே அவை இல்லாவிட்டால் காது வேலை செய்யாது. நீலக்கண் வெள்ளைப் பூனைகளில் பல செவிடாகப் பிறக்கும் என்று கல்லூரியில் படித்தேன். உங்கள் பால் வெள்ளைக்கும் ரோஸ் மூக்குக்கும் அவள் கொடுத்த விலை அதுவாக இருக்கலாம்.

தூங்குகிற செவிட்டு நாயைத் தொட்டால் அது பதறிக் கடிக்கத்தான் செய்யும். தெருவே கத்தியும் அவள் திரும்பாததற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம். சங்கிலிப்பாண்டியிடம் இதைச் சொன்னேன். "அப்ப அநியாயமாவா மதினி கொன்னுட்டேன்?" என்று கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்த்திருந்தால் போதும். கடித்த நாய் அதுவரை உயிரோடு இருந்தால் கடியில் நோய் இல்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம். தலையாவது இருந்திருந்தால் மூளையைச் சோதித்துச் சொல்லியிருப்பார்கள். அதையும் எரித்துவிட்டார்கள். இனி நமக்கு எப்போதும் தெரியப்போவதில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பேச்சி

*

இராஜபாளையம்
25.1.1987

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். என் வீட்டு நாய் செவிடா? நாலு பேருக்குத் தெரிந்தால் என் மீசை என்னாவது? கிழித்துப் போட்டவன் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. பவளத்தின் அக்கா போட்ட குட்டிகள் நாலு இங்கே கிடக்கின்றன. அதுகள் உறங்கும்போது பின்னால் போய் நின்று ஈயத்தட்டைக் கரண்டியால் அடித்தேன். ரெண்டு துள்ளி எழுந்தன. மற்ற ரெண்டும் காதைக்கூட அசைக்கவில்லை. அதுகள்தான் குட்டிகளிலேயே நல்ல வெள்ளை. மதினி அடுப்படியிலிருந்து, "என்ன, நாய்க்குக் கச்சேரி நடக்கா?" என்று கேட்டாள்.

நீ படித்தவள், நீ சொன்னது சரி. அப்பாவும் நானும் இத்தனை வருஷம் நாய் வளர்த்தும் இது தெரியவில்லை. போகட்டும். ஆனால் இதில் ஒரு நல்ல சேதி இருக்கிறதே, அதை ஏன் நீ பார்க்கவில்லை? செவிட்டு நாய் பதறிக் கடித்திருக்கிறது, அவ்வளவுதான். வெறியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று நினைத்துக்கொண்டு ஊசியை நிறுத்து.

உனக்கு நம்பிக்கை வர இன்னொன்றும் சொல்கிறேன். என்னையும்தான் அவள் கடித்தாள். பொங்கலுக்கு முந்தின நாள், உங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேனில் ஏற்றுவதற்காக உறங்கிக்கொண்டிருந்தவளை அப்படியே மடியில் அள்ளினேன். பதறிப்போய் இடது கன்னத்தில் பல்லைப் பதித்துவிட்டாள். சீர் கொண்டுவந்த அன்றைக்கு, "முகத்துல என்ன மச்சான், பிளாஸ்திரி?" என்று மாப்பிள்ளை கேட்டதற்குச் சவரக் கத்தி கீறிவிட்டது என்றேனே, அது இதுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன், ஆறிவிட்டது. எனக்கு என்ன ஆனது? கல்லுமாதிரி இருக்கிறேன். இதைவிடச் சாட்சி வேண்டுமா உனக்கு?

சோலைராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
28.1.1987

அண்ணா,

நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். "அவிய மில்லுக்குப் போயிட்டாகளே" என்று மதினி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். உன் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே நீ இருமியதும் கேட்டது. நான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன், அந்தப் பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் நான் காட்சிப்பொருள் ஆனேன். அதனால் மரியாதையெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு உன்னை நீ என்றுதான் எழுதுவேன்.

கன்னம்! கன்னத்துக்கும் மூளைக்கும் எவ்வளவு தூரம் என்று உன் விரலை வைத்துப் பார். எனக்குக் கடி கையில். அது ஊர்ந்து தோளுக்கு வந்து, முதுகுத்தண்டில் ஏறித்தான் மூளைக்குப் போக வேண்டும். அதற்குள் மருந்து முந்திக்கொள்ளும் என்று நம்பி நான் தினம் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். உனக்கு அந்த அவகாசம் இல்லை. நீ சோப்புப் போட்டுக் கழுவக்கூட இல்லை, சுண்ணாம்பை அப்பி வைத்திருக்கிறாய்.

உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சியே இல்லை. நரம்பில் ஊரும்போது காய்ச்சல் வராது, வலி வராது, ஒன்றும் தெரியாது. எல்லாரும் கல்லுமாதிரிதான் இருப்பார்கள், ஒரு நாள் வரைக்கும்.

செவிடு என்று நான்தான் சொன்னேன். உன் மனம் ஆறட்டும் என்று சொன்னேன். அதை எடுத்து வைத்துக்கொண்டு வெறி இல்லை என்று நீ தீர்ப்பு எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் என் கையை ஒடித்துப் போட்டிருப்பேன். செவிட்டு நாய்க்கு வெறி வராது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? காது வேறு, நோய் வேறு. பவளம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததை நான் உனக்கு எழுதியிருந்தேன், அதை மட்டும் நீ ஏன் படிக்கவில்லை?

உனக்குக் கால் விளங்காமல் போனால் உன்னை நான் தூக்கிச் சுமப்பேன். நாய் வளர்க்கிறவன் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டான் என்று ஊர் சிரித்தால் நானும் கூட நின்று சிரிக்கிறேன். எனக்குப் பிறந்த வீடு என்று சொல்ல நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். இன்றைக்கே போ. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போ.

பேச்சி

*

ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸ்
30.1.1987

பேச்சிக்கு,

உங்கள் ஊர்த் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் ஊர்ப் பேனாவால் எழுதுகிறேன். பேனா கயிற்றில் கட்டிக் கிடக்கிறது, எழுத்துக் கோணலாக வந்தால் கயிற்றைத் திட்டு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டும் நேற்று நான் போகவில்லை. வழக்கம்போல மில்லுக்குத்தான் போனேன். எங்கள் வாட்ச்மேன் ஞானதுரை நாலு நாளாக வேலைக்கு வரவில்லை, காய்ச்சல் என்று சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து நாலைந்து பேர் அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனோம்.

கார்த்திகை மாசக் கடைசியில் ஒரு செவலை நாய் எங்கிருந்தோ வந்து எங்கள் தெருவில் திரிந்தது. அது ஒரு நாள் என் கொல்லைக்குள் புகுந்து பவளத்தோடு சண்டை போட்டது. கம்பை எடுத்து விரட்டினேன், பவளத்துக்குக் காதோரம் ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான் என்று மறந்தும் போனேன். அதே நாய் அன்றைக்கே மில் கேட்டில் ஞானதுரையின் கெண்டைக்காலைக் கடித்திருக்கிறது. மூணு நாள் கழித்துக் காம்பவுண்டுச் சுவரோரம் அது செத்துக் கிடந்ததாம். அவரைக் கடித்ததும் அது செத்ததும் எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஞானதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அறிவு தெளிவாகத்தான் இருந்தது. "வாங்க சோலைராஜ்" என்றார். எனக்குப் புழுக்கமாக இருக்கும் என்று அவர் சம்சாரம் டேபிள் ஃபேனைப் போட்டாள். காற்று மேலே பட்டதுதான் தாமசம், அந்த மனுஷனுக்குக் கழுத்தெல்லாம் இழுத்துக்கொண்டது. "நிறுத்து, நிறுத்து" என்று கையை ஆட்டினார், வார்த்தை வரவில்லை. செத்த நேரம் கழித்து அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தாகத்தில் நாக்கு வறண்டு கிடக்கிறது, ஆசையாகத்தான் கையை நீட்டுகிறார். வாய்க்கிட்டே வரும்போது தொண்டை திருகிக்கொள்கிறது. டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எனக்குத் தண்ணி மேல ஒண்ணும் பயமில்ல சோலைராஜ். எறங்க மாட்டேங்குதே, நான் என்ன செய்வேன்?" என்று அழுதார். பேச்சி, இருபது வருஷமாக அந்த மில் கேட்டில் திருடனுக்குப் பயப்படாமல் நின்ற ஆள் அவர்.

வெளியே வந்து அவர் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

இன்றைக்குக் காலை முதல் பஸ் பிடித்து இங்கே வந்தேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். இவ்வளவு பயத்திலும் அந்த ரோஷம் போகவில்லை பார். ஊசி வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் தள்ளி நீ நின்றாய். பச்சைச் சேலை, கையில் கட்டு. ஊசி போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தாய். சின்னப் பிள்ளையில் முள் எடுக்கும்போது அப்படித்தான் பார்ப்பாய். நீ திரும்பும் நேரம் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.

எனக்கும் போட்டுவிட்டார்கள். நாய் எப்போது கடித்தது என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெனமும் தவறாம வாங்க" என்று மட்டும் சொன்னார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

நேரமாகிவிட்டதா பேச்சி? நீ படித்தவள், எனக்கு மறைக்காமல் எழுது.

சோலைராஜ்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30.1.1987, சாயங்காலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பிற்பகல் தபாலிலேயே உங்கள் கடிதம் வந்துவிட்டது. இதை நான் தபாலில் போடப்போவதில்லை. காலையில் வரிசையில் நிற்கும்போது உங்கள் கையில் கொடுப்பேன். பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகைதான் வரும் என்பதால் எழுதி எடுத்துவருகிறேன்.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். நேரமாகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, அதனால்தான் அவர் பேசாமல் இருந்திருப்பார். முகக்கடிக்கு ஊசியோடு சேர்த்து, கிருமியை உடனே மறிக்கும் சீரம் என்று ஒரு மருந்தும் போட வேண்டும், அது இங்கே இருப்பு இல்லை. மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடைக்குமா என்று கேட்க உங்கள் மாப்பிள்ளை இப்போதுதான் பஸ் ஏறினார். சங்கிலிப்பாண்டியும் கூடப் போயிருக்கிறார். "மச்சானுக்கு நான் செஞ்ச பாவத்துக்கு, நான்தான் போவேன்" என்று சட்டையைக்கூட மாற்றாமல் ஓடினார். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் அவர்களிடம் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் இரண்டே நாளில் ஊசி முடிகிறது. உங்களுக்கு நிறைய நாள் பாக்கி இருக்கிறது. முடிகிறவரைக்கும் தினமும் நான் வந்து உங்களோடு வரிசையில் நிற்பேன். எங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள், மிதிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல் யாருடைய வாசலும் இல்லை. தூணுக்குப் பின்னால் மட்டும் நிற்காதீர்கள்.

வரும்போது செம்பில் தண்ணீர் கொண்டுவருவேன். என்னைப் பைத்தியக்காரி என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் முன்னால் நின்று, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துக் காட்டுங்கள். அது உங்கள் தொண்டையில் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

பேச்சி